கல்லுளிமங்கன் காய்த்தபோது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கியதும் தங்கை சமையலறை மேசைமேல் கையை நீட்டுவாள். அக்கா ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசியை இறக்குவாள். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி என்றே அவளுக்கு வீட்டில் பெயர்.

"இந்த வாரமாவது பாஸ் பண்ணுவேனா, ஊசி?"

"மார்க் போடறது மெஷின். என்னைக் கேக்காதே."

தங்கையின் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டியது. ஹீமோகுளோபின் பத்தைத் தொடாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அவளுடையது பி நெகட்டிவ். ரத்த வங்கியில் எப்போது கேட்டாலும் கையை விரித்தார்கள். அக்கா ஏ பாசிடிவ். கூடப் பிறந்தும் ஒரு சொட்டுக்கு உதவ முடியவில்லை.

தங்கை படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே, பால்கனித் தொட்டியில் ஒரு பெர்ரிச் செடி நின்றது. நர்சரிக்காரர் பெயர் தெரியாமல்தான் விற்றார். "முள்ளு இருக்கும்மா. காய்ச்சா சிவப்பா காய்க்குமாம். நான் பாத்ததில்ல." வாங்கி ஒரு வருடம் ஆகியும் அது ஒரு இலைகூட விடாமல் குச்சியாக நின்றது. அக்கா மண்ணின் அமிலத்தை அளந்தாள், உரத்தை மாற்றினாள், பட்டையைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். உயிர் இருந்தது, அசைவில்லை. தங்கை அதற்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்தாள்.

ரத்தத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றியதுபோக ஊசிக்குள் கொஞ்சம் மிஞ்சும். வேலையிடத்தில் அதற்கென்று தனித் தொட்டி உண்டு. ஒரு துளி வெளியே போகாது. வீட்டில்தான் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. சொந்தத் தங்கையின் ரத்தம், சொந்த வீட்டுச் சிங்க். ஒரு ஞாயிறு, கழுவிய தண்ணீரைக் கொட்டப்போனவளைத் தங்கை தடுத்தாள்.

"கல்லுளிமங்கனுக்கு ஊத்தேன். அவனுக்கும் இரும்புச் சத்து கம்மி போலிருக்கு."

அக்கா சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

மூன்றாவது ஞாயிறு இலை வந்தது. மேலே பச்சை, அடியில் சிவப்பு. ஐந்தாவது ஞாயிறு கிளைகள் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்தன. பூவே பூக்காமல் நேராகக் காய்த்தது. அக்காவின் நோட்டில் தங்கையின் எண்ணோ 7.4, 7.1, 6.8 என்று இறங்கியது.

"மாத்திரையை ஒழுங்கா போடறியா?"

"நீ எதிர்ல நின்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்கறே. இதுக்கு மேல என்ன பண்ண?"

நீட்டிய முன்கையில் சிவப்புப் புள்ளிகள், வரிசையாக.

"என்னடி இது?"

"கொசு."

கொசு நேர்கோட்டில் கடிக்காது. அக்கா ஸ்கேலை எடுத்துப் புள்ளிகளின் இடைவெளியை அளந்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், தலையணைப் பக்கம் சாய்ந்திருந்த கிளையில் முட்களின் இடைவெளியை அளந்தாள். அளவு ஒன்றுதான்.

மறுநாள் ஒரு பழத்தை டப்பாவில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனாள். நசுக்கிக் குழாயில் விட்டு மெஷினில் வைத்தாள். பழச்சாறென்றால் பிழை என்று காட்ட வேண்டும். மெஷின் 6.8 என்றது. கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வட்ட வட்டமாக, நடுவில் வெளுத்த சிவப்பணுக்கள், சோகை பிடித்தவை. எந்தச் செடியிலும் இருக்க முடியாதவை. வகை பார்த்தாள். பி மருந்தில் மட்டும் திரண்டது. தங்கையுடைய அதே பி நெகட்டிவ்.

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "நெகட்டிவ்வா? யாருது? குழாய்ல பேரே ஒட்டல?"

"சொந்தக்காரங்கது."

"பாவம், ரொம்ப கம்மியா இருக்கே. நல்லா சாப்பிடச் சொல்லு."

செடியை வெட்டிவிடுவது என்ற முடிவோடு கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு, விரல், மோவாய் எல்லாம் சிவப்பு.

"திட்டாதே. கையை நீட்டினேன், தானா வந்து விழுந்துச்சு. பத்து பன்னெண்டு தின்னுட்டேன்."

"எப்படி இருந்தது?"

தங்கை யோசித்தாள். "பழக்கமான ருசி. எங்கேன்னுதான் தெரியல."

அந்த ஞாயிறு எண் 7.4. கத்தரிக்கோல் உறை பிரிக்காமல் அலமாரிக்குப் போனது.

அக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தாள். செடி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். தங்கையிடம் எடுத்துத் தங்கைக்கே கொடுத்தால் பத்து எந்த நாளும் வராது. வேறொருவரிடம் எடுக்க வேண்டும். ஆனால் அவள் ஏ பாசிடிவ் ஆயிற்றே.

தொட்டியைத் தன் அறைக்கு இழுத்துவந்து கட்டிலோரம் வைத்தாள். "அங்க வெயில் ஜாஸ்தி" என்று தங்கையிடம் சொன்னாள்.

முதலில் பழுத்த பழத்தைச் சோதித்துப் பார்க்காமல் தரவில்லை. பி நெகட்டிவ்தான். எப்படி என்று கேட்க ஆளில்லை. கேட்கவும் அவளுக்குத் தைரியமில்லை.

8.3. 9.1. தங்கை மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். 10.2 வந்த அன்று சர்ஜன் வெள்ளிக்கிழமை தேதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கண் விழித்தபோது கிளை தோள்வரை வந்திருந்தது. தூங்கும் குழந்தையின் விரல்களைப் பிரிப்பதுபோல முள் முள்ளாக எடுத்துவிட்டாள். எழுந்து நின்றதும் அறை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். தேதிதான் கிடைத்துவிட்டதே. அடிக்கிளையில் வைத்து அழுத்தப்போனவள் நிறுத்தினாள். கட்டியை எடுக்கும்போது ரத்தம் போகும், எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது என்று சர்ஜன் சொல்லியிருந்தார். செடியில் பழம் ஏழுதான் இருந்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முழுக்கைச் சட்டையின் மற்றக் கையையும் தோள்வரை சுருட்டிவிட்டு, மறுபடி படுத்து அந்தக் கையை நீட்டினாள். கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் தங்கை கேட்டாள். "அந்தச் செடிய வெட்டப்போறேன்னியே, வெட்டிட்டியா? எனக்கு அத நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு."

"ம்."

"நல்லதாப் போச்சு. ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கறே? ஆபரேஷன் எனக்கா, உனக்கா?"

அக்கா மடியிலிருந்த டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பதினெட்டுப் பழங்கள், இன்னும் வெதுவெதுப்பாக.