சேனை வைக்கும் கை

"அந்தக் கைய எடு. மாரத் தொறக்காத," என்றாள் ஒச்சம்மாள், மருமகளின் காதோடு காதாக.

அழகம்மாள் முந்தானையை விட்டுவிட்டாள். மடியில் கிடந்த ஆண்பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. விடியற்காலையில் பிறந்தபோது வார்டையே எழுப்பிய குரல், உச்சிவெயில் ஏறியபோது முனகலாகச் சுருங்கியிருந்தது.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித்தண்ணி தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பது சமயநல்லூர்ப் பக்கத்து நம்பிக்கை. ஆகவே ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். ஒச்சம்மாள் பார்த்திருந்த ஆள் நல்லகாமன்; அவள் புருசனுக்கு அண்ணன், லாரி முதலாளி, ஊர்க்கூட்டத்தில் முதல் நாற்காலிக்காரர். அவர் வரும்வரை பிள்ளை வாயில் எதுவும் படக்கூடாது. தாய்ப்பால் கூடவே கூடாது. மஞ்சளாக வரும் முதல் பால் சீக்குப்பால், பீச்சிக் கொட்ட வேண்டியது என்று அவளுக்கு அவள் மாமியார் சொல்லியிருந்தாள். அந்த மாமியாருக்கு யார் சொன்னார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

நர்ஸ் வந்தாள். "பால் குடுத்தீங்களா? மொதப் பால்தான் பிள்ளைக்குச் சத்து, விட்டுறாதீங்க."

"வயிறு முட்டக் குடிச்சிருச்சு தாயி," என்று ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள்.

நர்ஸ் அழகம்மாளைப் பார்த்தாள். அழகம்மாள் சுவரைப் பார்த்தாள். மாமியாரை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

மூத்தவள் பிறந்தபோது இந்தக் கூத்தெல்லாம் இல்லை. பொட்டப்பிள்ளைக்கு யார் குணம் வந்தால் என்ன என்று பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கேட்பாரில்லாத தைரியத்தில் பிள்ளையை உடனே மாரில் போட்டுக்கொண்டாள். அந்தக் கழுதை இன்றுவரை காய்ச்சல் என்று படுத்ததில்லை. இவன் வாரிசு, அந்தக் குற்றத்துக்குப் பட்டினி கிடந்தான்.

கப்பலூர்க் கம்பெனிக்கு லீவு போட்டிருந்த அவள் புருசன் முத்திருளன் டெலிபோன் பூத்திலிருந்து திரும்பி வந்தான்.

"பெரியப்பா தல்லாகுளம் கோர்ட்டுல நிக்கிறாகளாம்மா. இன்னும் கூப்பிடலையாம். சாயங்காலம் ஆயிரும்."

"என்ன கேசுங்க?" என்று அழகம்மாள் கேட்டாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "பெரியம்மா போட்டதுதான். பெரியப்பா அவுக கைய ஒடிச்சுப்புட்டாகள்ல, அது."

"ஆம்பள கை நீட்டுறது ஊருல இல்லாததா?" என்றாள் ஒச்சம்மாள். "அம்புட்டுச் சொத்து வேற யாருகிட்ட இருக்கு?"

அழகம்மாள் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அழவில்லை. கண் பாதி மூடிக் கிடந்தது, உதடு காய்ந்திருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு மரியாதையும் போயிற்று, பயமும் போயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் பிள்ளையை மாரோடு சேர்த்தாள். பிடிக்கத் தெம்பில்லாமல் தலை நழுவியது. ஒரு சொட்டுப் பீச்சி நாக்கில் விட்டாள். நாக்கு அசைந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். பிறகு பிள்ளை கவ்விக்கொண்டது.

"ஏண்டி, குடியக் கெடுத்தியே," என்று ஒச்சம்மாள் தோளைப் பிடித்து இழுத்தாள். அழகம்மாள் அசையவில்லை. எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாத முத்திருளன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் நல்லகாமன் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார். மூச்சு விடாதே என்று மருமகளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, ஒச்சம்மாள் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"வாங்க மச்சான். ஒங்களுக்காகத்தான் பிள்ள பச்சத்தண்ணி படாமக் காத்துக் கெடக்கு."

அவர் மோதிர விரலைச் சீனித்தண்ணியில் நனைத்துக்கொண்டு குனிந்தார். அழகம்மாள் பிள்ளையின் வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"சேனை வச்சாச்சு மாமா."

"யாரு வச்சது?"

"நாந்தான். எம் பாலத்தான் வச்சேன்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவர் ஒச்சம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

ஒச்சம்மாள் கட்டில் காலடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "இனி இவன் எப்பிடிப் போனாலும் பழி ஒந்தலையிலதான்டி விடியும்."

"பிள்ள தறுதலையாப் போனா, எந்த ஊருல அத்தே சேனை வச்சவுகளப் போயிக் கேட்டாக?" என்றாள் அழகம்மாள். "பெத்தவளத்தான கேட்டாக."

சொல்லிவிட்டுப் பிள்ளையை அடுத்த மாருக்கு மாற்றிப் போட்டாள்.