ஒன்பது நாள் மேனேஜர்

மேனேஜர் என்றால் சிறையில் தெரியாதவர் கிடையாது. வெளியே அவர் அந்தப் பதவியில் இருந்தது ஒன்பதே நாள். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவருக்குப் பதினோரு வாரம், தினம் ஒரு சிட்டிகையாக, காபியில் நஞ்சு கலந்து கொடுத்துத்தான் அதைப் பிடித்தார். இரங்கல் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டு அழாதவர் இல்லை. இன்றைக்கும் கொலை என்று சொல்ல மாட்டார். "அந்த நிர்வாகச் சிக்கல்" என்பார்.

ஸ்பேனர் வேறு ரகம். மெக்கானிக். அக்காவை அடித்துக்கொண்டே இருந்த அக்கா புருஷனுக்குக் கையிலிருந்த ஸ்பேனரால் ஒரே அடி. "கோவம் வந்துச்சுங்க" என்று நீதிபதியிடம் சொன்னதோடு அவன் தரப்பு வாதம் முடிந்தது. சிறையில் முடிவெட்டக் கற்றுக்கொண்டான். கொலை நடந்தது ஸ்பேனரால்தான் என்பதால் சவரக்கத்தி கொடுக்கத் தடையில்லை என்று அலுவலகம் கூடி முடிவெடுத்தது.

அன்று காலை விடுதலைக் குழு வருகிறது. இந்தத் தடவை ஒருவருக்குத்தான் விடுதலை. பட்டியலில் இருந்தது இவர்கள் இருவர். சண்டை என்று ஒரு புகார் வந்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். கண்காணிப்பாளர் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, குழுவை முதலில் சவர அறைக்கே அழைத்துவர ஏற்பாடு செய்திருந்தார். கொலைகாரன் கையில் கத்தி, கொலைகாரன் கழுத்தில் நுரை. சீர்திருத்தத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். காதுவரை முறுக்கிய மீசை. கழுத்து வேலை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை, கணக்கான மனிதர். கத்தி மீசையோரத்துக்கு வந்து, தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தமும் கேட்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

"தம்பி, உங்க அக்கா போட்ட கடுதாசி..."

ஸ்பேனருக்குப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் அக்காவிடமிருந்து வந்த ஒரே கடிதம் அது. போன மாதம் மேனேஜர்தான் படித்துக் காட்டினார்: 'வந்தா வீட்டுக்கு வா. சோறு இருக்கும்.' அன்றிலிருந்து அது அவன் சட்டைப்பையிலேயே கிடக்கிறது.

"அதுக்கென்ன சார்?"

"மாத்திப் படிச்சுட்டேன்பா. உன் மனசு நோகுமேன்னு. 'என் புருஷனக் கொன்னவன் என் வாசல மிதிக்கக் கூடாது'ன்னுதான் எழுதியிருக்கா. அவர் அடிச்சதுல தப்பே இல்லியாம். நீதான் குடியக் கெடுத்த மிருகமாம்."

கத்தி நின்றது.

"டேய் ஸ்பேனர், கைய எடுடா!" என்றார் வாசலில் நின்ற காவலர். லத்தி உயர்ந்தது.

ஸ்பேனரின் நெற்றி நரம்பு புடைத்தது. மேனேஜர் கண்ணை மூடி, கன்னத்தை வாகாகக் காட்டினார். ஒரு அறை, ஒரு சின்னக் கீறல் போதும். பூட்ஸ் சத்தம் கதவுக்கே வந்துவிட்டது.

அந்தக் கை எதையாவது வெட்டியே ஆகவேண்டியிருந்தது. சரக்.

மேனேஜர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் வலப்பக்க மீசை கம்பீரமாக நின்றது; இடப்பக்கம் திவால்.

"என் மீசைடா! நாயே! உன்னையும் விஷம் வெச்சுக் கொல்றேன்டா! அவன் பதினோரு வாரம் தாங்கினான், உனக்கு ஒரே நாள்தான்!"

கதவருகே, "எங்கள் முன்மாதிரிக் கைதி..." என்று ஆரம்பித்திருந்த கண்காணிப்பாளருக்கு அப்புறம் வாய் மூடவில்லை. பின்னால் குழு நின்றது. தலைவியாக வந்த அம்மாள், மேனேஜரின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஸ்பேனரிடம் திரும்பினார்.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமாங்கம்மா. கோவம் வந்துச்சு. மீசையோட நிறுத்திக்கிட்டேன்." நுரை ஒட்டிய விரலால் கடிதத்தை எடுத்து நீட்டினான். "விடுதலை கெடக்கட்டும்மா. இதப் படிங்க. உள்ளத உள்ளபடி."

அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"'வந்தா வீட்டுக்கு வா. சோறு இருக்கும்.'"

ஸ்பேனர் கத்தியை மடக்கிக் கீழே வைத்தான்.

"இன்னொரு வரி இருக்கே. 'கோவத்த அங்கயே விட்டுட்டு வா.'"

"அத இவரு படிக்கவே இல்லியேம்மா!"

அம்மாள் பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். அது ஸ்பேனர் பெயர் இல்லை.

மிச்ச மீசையையும் மழித்துவிடும்படி உத்தரவானது. மேனேஜர்தான் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.