எழுபத்தைந்து நரிகளும் நானும்

எங்கள் வீட்டில் எழுபத்தைந்து நரிகள் இருப்பதாக ஊருக்குள் பேச்சு. அவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தாத்தா காலத்தில் ஒரே வருடத்தில் மூன்று வயல் வாங்கினோம், அதுதான் ஆதாரம். ஜப்பானில் எங்கள் இஸுமோ பக்கத்தில் ஒருவன் சட்டென்று முன்னுக்கு வந்தால் உழைத்தான் என்று சொல்ல மாட்டார்கள். நரி வளர்க்கிறான் என்பார்கள். போர் முடிந்து எட்டு வருடமாகி, ஊருக்கு மின்சாரம்கூட வந்துவிட்டது. நரிகள் மட்டும் போகவில்லை.

நரி வீட்டுப் பெண்ணைக் கட்டினால் நரிகளும் கூடவே வரும். அப்புறம் அந்த வீட்டோடும் யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வந்த நான்கு வரன்களும் அக்கம்பக்கத்தில் விசாரித்த மறுநாளே ஓடிப்போயின. ஐந்தாவது எய்கிச்சி, ஏரியில் சிப்பி அள்ளுகிறவன். விசாரித்த பிறகும் அவன் வந்தான். எனக்கு அவனைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவன் அம்மா சதாயோ மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"நரி இல்லேன்னு பூசாரிகிட்ட எழுதி வாங்கிட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்."

அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம்.

"இல்லாதத இல்லேன்னு எப்படி எழுதுறது?" என்றார் பூசாரி. "இருந்துச்சு, ஓட்டிட்டேன்னு வேணா எழுதித் தரேன்."

"எங்க வீட்டுல இருந்ததே இல்லையே, சாமி."

"அப்ப ஓட்ட முடியாது."

மூன்று தலைமுறையாக நாங்கள் கட்டிக்காத்தது அந்த 'இல்லை' ஒன்றைத்தான். அதற்காகத் தாத்தா இரண்டு பேரை அடித்திருக்கிறார். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இருக்கு. எழுபத்தஞ்சும் எங்க வீட்டுலதான் இருக்கு."

"தெரியுமே," என்று சொல்லிவிட்டு எல்லோரும் தேநீரைக் குடித்தார்கள். அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பூசாரி எங்கள் முற்றத்தில், நரிகளுக்குப் பிடிக்கும் என்று பொரித்த டோஃபுவைக் குவித்து, தீ வளர்த்து, உச்சிவேளை வரை மந்திரம் சொன்னார். முத்திரை குத்திய தாள் ஒன்றும் கொடுத்தார். 'இவ்வீட்டு நரிகள் எழுபத்தைந்தும் இன்று கிழக்கு நோக்கி வெளியேறின' என்று அதில் இருந்தது. புகை கிழக்கே போனதால் அப்படி எழுதினாராம்.

எங்களுக்குக் கிழக்கே ஏரிக்கரை வரை ஒரே ஒரு வீடுதான். அது எய்கிச்சியின் வீடு.

விஷயம் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் சதாயோவிடம் யாரும் சிப்பி வாங்கவில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஊரார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் அழுதுகொண்டே இருந்தேன். பூசாரியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாம் நாள் சதாயோ வந்தாள். ஒரு கையில் சாக்கே மதுப் புட்டி, இன்னொரு கையில் முழுசாக ஒரு சிவப்புக் கடல்மீன். பெண் கேட்க வருகிறவர்கள் கொண்டுவருவது.

"பூசாரி எழுதிக் குடுத்த கடுதாசியப் படிச்சேன்," என்றாள்.

"அப்புறம் என்ன? இங்கதான் நரி இல்லையே," என்றார் அப்பா.

"இங்க இல்ல. எங்க வீட்டுல இருக்கு. நேத்து ரெண்டு கருவாட்டக் காணோம்." புட்டியைக் கீழே வைத்தாள். "இனிமே எம்பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அதுங்களுக்கு என்ன ஆக்கிப் போடணும்னுகூட எனக்குத் தெரியாது. உங்க பொண்ணு வந்தா பாத்துக்குவா, சம்பந்தி."

"எங்க வீட்டுல நரி எப்பவுமே..." என்று ஆரம்பித்த அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"பொரிச்ச டோஃபு," என்றார். "எண்ணெய் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

கல்யாணத்தன்று நான் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றார். வெகுநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மாசத்துல எழுபத்தாறு பேர் போயிட்டீங்க," என்றார். "வீடு வெறிச்சுனு இருக்கும்மா."