கோட்டுக்கு உள்ளே போகும் வீடு

...ஆனால் தென்சியோ மட்டும் ஏன் கேட்கவில்லை, வீடு தூக்க வந்த மற்ற எல்லோரும் கேட்டுவிட்டார்களே, என்ன கிளேட்டோ, தோள் கொடுக்க வந்தவனுக்கு வள்ளிக்கிழங்கா போடுவாய், அறுவடை முடிந்து மூன்று வாரம் ஆகவில்லை, சோறு எங்கே என்று, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள், ஆனாலும் கேட்டார்கள், அவன் ஒருவன்தான் கிழங்கை உரித்து உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போனான். இப்போது எனக்கு முன்னால் அதே மூங்கிலைத் தோளில் வைத்து நடக்கிறான், அவன் பிடரியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தலைக்கு மேலே, இருபது பேர் தோளில், என் வீடு, ஓலைக் கூரையும் மூங்கில் தரையுமாக முனகிக்கொண்டு வருகிறது, பின்னால் எருமை வண்டியில் என் பெண்சாதி மார்செலா சட்டிபானைகளோடும் பிள்ளைகளோடும் வருகிறாள், பக்கவாட்டில் துப்பாக்கியோடு அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், அவனோடு மணிலாவிலிருந்து கூட்டிவந்த துபாஷி. ஒரு அடி, இன்னொரு அடி. பிடரியைப் பார்த்து ஒருவன் மனதைக் கண்டுபிடிக்க முடியுமா? பதினெட்டு வருடப் பழக்கம், என் மூத்த மகளுக்கு ஞானத்தந்தை, கும்பாரே என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுகிறோம், இருந்தாலும் இந்தக் காலத்தில் யார் யாரோடு உட்கார்ந்து என்ன பேசுகிறான் என்று யாருக்குத் தெரியும், போன வாரம் அவன் அமெரிக்கக் காப்டனின் சமையற்கட்டிலிருந்து தகர டப்பாவில் அடைத்த இறைச்சியோடு வந்ததை நான் பார்த்தேன், விறகு பிளந்ததற்குக் கொடுத்தார்கள் என்றான், விறகு பிளந்தால் எனக்கு ஒரு டப்பாவும் கொடுத்ததில்லையே.

அறிவிப்பை நானே படித்தேன். எழுத்து தெரிந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் செம்பட்டைத் தலைச் சிப்பாய் ஒருவன் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தான், அதனால் என் கண்ணையே நம்பாமல் இரண்டு தரம் படித்தேன், கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் ஊரைச் சுற்றிப் போட்டிருக்கும் கோட்டுக்கு உள்ளே வந்துவிட வேண்டும், நெல்லும் கோழியும் கூட, அதற்குப் பிறகு வெளியே நிற்கும் ஆள் பகைவன், வெளியே கிடக்கும் நெல் நெருப்புக்கு, எல்லாம் எங்கள் பாதுகாப்புக்காகவாம். யாரிடமிருந்து, என் தம்பியிடமிருந்தா? ஸ்பானியனை விரட்டத்தான் வந்தோம் என்று கப்பலில் வந்தார்கள், ஸ்பானியன் போய்விட்டான், இவர்கள் போகவில்லை, எங்கோ கடல் தாண்டி ஒரு மேசையில் உட்கார்ந்து எங்களை விலைபேசி வாங்கியாகிவிட்டது என்றார்கள், அந்தச் சந்தைக்கு என்னை யாரும் கூட்டிப்போனதாக ஞாபகமில்லை... பிறகு அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், தூக்கினேன், பக்கத்தில் தென்சியோவும் தூக்கினான், அவன் கை என் கையைவிட உயரமாக இருந்ததோ? இப்போது யோசித்தால் உயரமாகத்தான் தெரிகிறது.

தம்பி சிரியாகோ சத்தியம் செய்யவில்லை, மலையில் இருந்து இவர்களோடு சண்டை போடுகிறான், அவனோடு இருப்பவர்கள் வேர் தின்கிறார்களாம். அவனுக்காகத்தான் இரண்டு ஜாடி அரிசி. எங்கே புதைத்தேன்? வீட்டுக்கு அடியில், அடுப்புக்கு நேர் கீழே, மடையன், கால்தூண் மேல் நிற்கும் வீடு, எங்களுக்கு எல்லாமே அதற்கு அடியில்தான், பன்றி, கோழி, விறகு, மழைக்கு ஒதுங்கும் நாய், அதனால் கை தானாக அங்கே போய்விட்டது, மூன்று நாளில் அந்த வீட்டையே தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறோம் என்பது தெரிந்தும் போய்விட்டது. இன்று காலை ஹோ என்று தூக்கினோம், பத்து வருடமாக வெயில் படாத மண்ணில் வெயில் விழுந்தது, நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஈரமாக, புதிதாக, குழந்தையைப் புதைத்த இடம் மாதிரி... இருபது பேர் கழுத்தும் மூங்கிலுக்குக் கீழே, யாரும் திரும்பிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் தென்சியோ முதல் ஆளாக வந்தவன், மூங்கிலைப் பிரம்பால் கட்ட அடியில் தவழ்ந்தவன், அவன் முழங்கால் அந்த இடத்தில் பதியாமலா இருந்திருக்கும்? அதோடு, நான் புதைத்த அன்றுதான் ஊரே போய் அவன் வீட்டைத் தூக்கியது, நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன், தன் வீட்டுக்குத் தோள் கொடுக்காதவன் வீட்டுக்கு ஒருவன் முதல் ஆளாக ஏன் வருகிறான்? அப்புறம் அந்தக் கயிறு. வளைவு வரைக்கும் வந்ததும், பிரம்புக் கயிற்றை விட்டுவிட்டேன் என்று மூங்கிலை இறக்கச் சொல்லித் திரும்ப ஓடினான், ஒரு சுருட்டு புகைத்து முடியும் நேரம் ஆனது, சிப்பாய் ஒன்றும் சொல்லவில்லை, மற்றவர்கள் ஒண்ணுக்கு ஒதுங்கினாலே கத்துகிறவன்.

புளியமரத்தடியில் வீட்டை இறக்கி மூச்சு வாங்கினோம். அங்கேதான் புரூனோ, அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது, ஆரம்பித்தான்.

"கிளேட்டோ நெல்லு நமக்கு முன்னாடியே நடந்து போயிடுச்சு போல. மலைப் பக்கமா."

இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்றாமவன் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான், ஏனென்றால் துபாஷி திரும்பிவிட்டான்.

"என்ன நெல்லு?" என்றான்.

வண்டியில் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த மார்செலாவின் கை அப்படியே நின்றது. அப்போது தென்சியோ, எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"அது நான் வாங்கினதுய்யா. என் வீடு தூக்கின அன்னிக்கு இந்தக் கும்பலுக்குச் சோறு போட என்கிட்ட ஏது? கும்பாரே வீட்டுலேருந்துதான் எடுத்தேன். மீதி எங்கன்னா கேக்கறீங்க, புரூனோ வயித்துல பாருங்க, அஞ்சு தட்டு."

எல்லோரும் சிரித்தார்கள், புரூனோவும் வயிற்றைத் தட்டிக் காட்டினான், துபாஷி சிப்பாயிடம் ஏதோ சொன்னான், சிப்பாயும் சிரித்தான். பொய். ஒரு பிடி அரிசிகூட அவன் என்னிடம் வாங்கவில்லை. எதற்காகச் சொன்னான்? தெரிந்தவன்தானே மறைக்க முடியும், அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். பிறகு வெற்றிலை மடித்து என் பக்கம் நீட்டினான், பார்த்தேன், நகக்கண் பத்திலும் கறுப்பு மண், பாதைப் புழுதி வெள்ளை, வீட்டுக்கு அடியில் இருப்பதுதான் கறுப்பு.

"கயிறு கெடச்சுதா கும்பாரே?" என்றேன்.

"கெடச்சுது."

இடுப்பில் இல்லை, தோளில் இல்லை, கையில் இல்லை. "தூக்கு, வெயில் ஏறுது," என்று அவனே போய் முன்னால் குனிந்தான்.

மறுபடியும் பிடரி. மண்ணை வாரிப்போட்டு மூடினானா, தோண்டி எடுத்து வேறெங்காவது தனக்கென்று ஒளித்தானா, இல்லை இடத்தைச் சரிபார்த்துவிட்டுச் சொல்வதற்காக வைத்திருக்கிறானா... மூடியிருந்தால் ஒரு பார்வை பார்த்திருப்பானே, பார்க்கமாட்டானோ, துபாஷி நிற்கும்போது எவன் பார்ப்பான்? சொல்லப்போகிறவன் புளியமரத்தடியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இரண்டு ஜாடி அரிசியைக் காட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும், அரிசிக்காக வரும் ஆளையும் சேர்த்துக் காட்டினால்தானே டப்பா இறைச்சி... நாளை சாயங்காலம் சிரியாகோ வருவான், அடுப்புக்கு நேர் கீழே என்று நான்தான் சொல்லி அனுப்பினேன், வெறும் கால்தூண் குழிகளுக்கு நடுவில் குனிவான், புதருக்குள் நான்கு துப்பாக்கி இருந்தால்? வராதே என்று சொல்லி அனுப்ப இனி ஆளில்லை, இதோ இரண்டு கம்பமும் ஒரு காவல்காரனும், கோடு என்பது இவ்வளவுதான், அகலம் போதுமா என்று காவல்காரன் கூரையை அண்ணாந்து பார்க்கிறான், கை காட்டுகிறான், என் வீடு நுழைகிறது, அதன் கீழே நானும் நுழைகிறேன்.

"கால் பின்னுதே கும்பாரே, பாரமா?" என்றான் தென்சியோ, திரும்பாமலே.

இல்லை என்றேன். அவனுக்கு நான்கு பிள்ளைகள், கடைசி ஒன்றுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம், ஜாடி இரண்டையும் எடுத்திருந்தால் என்ன, எடுத்திருக்கட்டும், வெறும் குழியைப் பார்த்துவிட்டுச் சிரியாகோ பசியோடு திரும்பிப் போவான், போவான்... என்னை அறியாமல் உதடு அசைந்துகொண்டிருந்தது, என்ன ஜெபம் என்று கவனித்தேன், என் மகளின் ஞானத்தந்தை திருடனாக இருக்க வேண்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.