புழு யாருடையது

1946. கொழும்பு டாக்டரும் சென்னை டாக்டரும் சேர்ந்து, இலங்கைத் தோட்டங்களுக்குத் திரும்பும் கூலிகளின் மலத்தில் கொக்கிப்புழுவைத் தேடினார்கள். புழு இருந்தால் கப்பல் கிடையாது. இலங்கையில் அட்டன் தோட்டத்தில் பிள்ளைகளை விட்டு வந்த பகவதி பயந்துபோய், துறைமுக முகாமுக்கு அரிசி போடும் என்னிடம் மலம் எடுக்கக் கொடுத்த டப்பாவை நீட்டினாள்.

"கொழுத்த உடம்பு, நல்ல சரக்காத்தான் இருக்கும் அண்ணாச்சி."

நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் கப்பல் சங்கு ஊதும்போது சென்னை டாக்டர் சொன்னார்: "இவளுக்கு ஏகப்பட்ட புழு. ஏறக் கூடாது."

பகவதி என்னையே பார்த்தாள். வாயைத் திறந்தால் என் அரிசியை எவன் வாங்குவான்?

"புழு என்னோடது, டாக்டர்."

புது டப்பாவோடு பகவதி ஓடினாள். அரை மணியில் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலைநிமிர்ந்தார்.

"இவளுக்குப் புழுவே இல்லையே."

அவள் கப்பலேறினாள். முகாமில் என் அரிசியை நிறுத்திவிட்டார்கள்.