நூல் பறக்கும் திசை

யாரோ உள்ளே நின்று திரையைக் கையால் தள்ளுகிறார்கள், காற்றாக இருக்காது, காற்று இந்தப் பக்கம் வர வழியே இல்லை, வேலைக்காரர்களில் எவனோ சாய்ந்துகொண்டு நிற்கிறான், முதுகாக இருக்கும், இப்போது நகர்ந்துவிடுவான்… அவள், இந்த ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்கிறவள், பிளாஸ்டிக் திரைக்கு முன்னால் பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றாள். வார்டின் நடைவழி முடிகிற இடத்தில் தரையிலிருந்து கூரைவரை அடைத்து, விளிம்பெல்லாம் டேப் ஒட்டிய திரை. அந்தப் பக்கம் பழைய வார்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். இந்தப் பக்கம், ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் படுத்திருப்பவர்கள். திரை எப்போதும் அந்தப் பக்கமாகக் குழிந்திருக்க வேண்டும், பட்டினி கிடந்த வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. இன்று அது அவளைப் பார்த்து உப்பியிருந்தது. லேசாக அடங்கியது, மறுபடி உப்பியது, தூங்குகிற எதுவோ மூச்சு விடுவதுபோல… முதுகு மூச்சு விடுமா? காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, நடுவில் விட்டிருந்த சின்னக் கீறலில் அவளே ஒட்டிய மஞ்சள் நூல், தினமும் காலையில் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போகிற நூல், இன்று வெளியே நீண்டு அவள் முகத்தை நோக்கி ஆடியது.

ஃபேன் நின்றுபோயிருக்கும். அவ்வளவுதான். அந்தப் பக்க ஜன்னல் சட்டத்தில் வைத்த பெரிய ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தால், தூசியும் அதோடு வெளியே போகும், ஒரு துளிகூட வார்டுக்குள் வராது, அதற்குத்தான் அது. ஆனால் நின்ற ஃபேன் நூலைத் தொங்கவிடும், பறக்கவிடாது. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஃபேன் நின்றுபோயிருக்கும், ஃபேன் நின்றுபோயிருக்கும் என்று மனசு ஜபித்துக்கொண்டிருந்தது. மனசுக்கு என்ன, அதற்கு வேண்டியதை அது சொல்லும். இன்றைக்கு ஒரு பஸ் முன்னதாகக் கிடைத்துவிட்டது, ஏறிவிட்டாள், அதனால்தான் இந்த நேரத்துக்கு இங்கே நிற்கிறாள், வழக்கமான பஸ்ஸில் வந்திருந்தால்… வந்திருந்தால் என்ன? அந்தக் கேள்வியை அவள் அங்கேயே விட்டுவிட்டு, கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கீறலின்மேல் டேப்பை ஒட்டினாள், ஒன்றின்மேல் ஒன்றாக, நூல் உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு புழுவைப்போல நெளிந்து அடங்கும்வரை.

பின்னால் மூலையறையில் இருக்கும் பெண் இருமினாள். கண்ணாடி வழியே தெரிந்தது, மொட்டைத் தலையில் தொப்பி, மடியில் தலையணை, கல்லூரிக்குப் போகவேண்டிய வயசு. வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றி அது வேர்பிடிக்கக் காத்திருக்கிறார்கள். இவளைக் கண்டதும் கையை ஆட்டினாள். வேலைக்காரர்கள் இவளுக்கு வைத்த பெயர் எப்படியோ சுவரைத் தாண்டி அந்தப் பெண்ணுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, நேற்று, “சிக்னல் அக்கா, எனக்கு எப்ப பச்சை போடுவீங்க?” என்று கேட்டாள். வீட்டுக்குப் போக. இவளும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அந்த இருமல், வறட்டு இருமல், தொண்டையில் முடி மாட்டின மாதிரி இருக்கிறது என்றாள். நேற்றுத்தானே? அல்லது அதற்கு முன்பேயா? முன்பே இருந்திருக்கும். சுவரை உடைக்கத் தொடங்குவதற்கு முன்பே இருமியிருப்பாள், யோசித்துப் பார், அந்த ஞாயிற்றுக்கிழமை… ஒரு பெண் முன்கூட்டியே இருமியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படியிறங்குகிறேனே, நான் என்ன ஜென்மம்.

பக்கவாட்டுப் படிக்கட்டில் இறங்கிச் சுற்றி ஏறினால் வேலைக்காரர்கள் நுழைகிற கதவு. அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு மரப்பலகை, ஒரு முகம் சிவப்பு, மறுமுகம் பச்சை. நூலைப் பார்த்துவிட்டு வந்து அவள் பலகையைத் திருப்பினால்தான் சுத்தியல் விழும், சாயங்காலம் மறுபடி சிவப்பு, அதுதான் பெரிய டாக்டர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, அதற்கே அவள் எவ்வளவு தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசவேண்டியிருந்தது. தூசியில் என்னம்மா இருக்கிறது, ஊரெல்லாம் தூசிதானே என்றார் ஒருவர். ஊரெல்லாம் தூசிதான். அதிலிருக்கும் பூஞ்சையை நாமெல்லோரும் மூச்சோடு இழுக்கிறோம், உடம்பு அதைத் தின்றுவிடுகிறது, நமக்குத் தெரிவதுகூட இல்லை. அந்தப் பெண்ணின் நுரையீரலில் அது ஈரமண்ணில் விழுந்த விதை. முளைத்த பிறகுதான் தெரியும், தெரிந்த பிறகு பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இன்றைக்கு உட்கூரையை இறக்கப்போகிறார்கள். வருஷக்கணக்காக மேலே குழாய் கசிந்து, அதன் பலகைகளின் முதுகில் பூஞ்சை கரும்பச்சையாக, வெல்வெட் மாதிரி… டார்ச் அடித்துப் பார்த்த அன்று அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

ஆட்கள் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் இன்னைக்குச் சீக்கிரமே விழுந்துடும்போல என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அவர் தொடையில் தட்டினார். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே கொழுந்தன், வேலையை மேற்பார்க்கிறவன், இந்த வேலைக்கு அவனைச் சொல்லிவிட்டதே அவள்தான், ஃபேனை இரண்டு கைகளாலும் அணைத்து, ஒரு கனத்த குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தான். அதன் முகம் அதுவரை உட்புறம் பார்த்து இருந்தது. நின்றுபோகவில்லை. வெளிக்காற்றை உள்ளே, ஆட்களின் மேல், திரையின் மேல்… அவளைக் கண்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்தான், வீட்டில் கடைசித் துண்டை எடுத்துத் தின்றுவிட்டு அகப்பட்டுக்கொள்ளும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

“உள்ள வெந்து போறாங்க அண்ணி. நாள் பூரா முகமூடியோட நிக்கறவங்களுக்குக் கொஞ்சம் காத்து வேணாமா?”

எத்தனை நாளாக என்று கேட்டாள். அதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டா செய்தேன் என்றான். அப்படியானால் காலையில், நான் வந்து பார்க்கும்போது?

“நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வச்சிடுவேன். உங்களுக்கு எதுக்கு வீணா மனக்கஷ்டம்னுதான்.”

எவ்வளவு பிரியமாகச் சொன்னான். பிரியம்தான், பொய்யில்லை, அவள் தலைவலி என்று படுத்தால் டீவி சத்தத்தைக் குறைக்கிற பிள்ளை, ஆட்கள் வேர்த்துக் கொட்டினால் தாங்காத மனசு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினமும் அவள் பார்த்த நூல், தினமும் சரியாக உள்ளே போன நூல், அவளுக்காகவே, அவள் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் பச்சையைத் திருப்பிவிட்டு முதுகைக் காட்டியதும் திரும்பிக்கொண்டது. அவள் போட்ட பச்சை. ஒவ்வொரு நாளும் அவள் கை.

ஃபேன் இப்போது சரியான பக்கம் பார்த்து உறுமியது. கதவருகே நின்றவளின் முந்தானையைக் காற்று உள்ளே இழுத்தது. பாருங்க, இழுக்குது பாருங்க என்றான், நிஜமான சந்தோஷத்தோடு. உட்கூரையை இன்றைக்கு இறக்கியே ஆகவேண்டும், பெரிய டாக்டர் நேற்றே இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், இனிமேல் ஃபேன் பக்கம் கையே வைக்கமாட்டேன், அம்மா மேல் ஆணை… குரல் இறங்கியது.

“பலகையை மட்டும் திருப்பிடுங்க அண்ணி. இதை மேல சொன்னா என்னை இன்னைக்கே அனுப்பிடுவாங்க. வீட்டு விஷயமா நினைச்சுக்குங்க.”

வீட்டு விஷயம். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின்மேல் மாமியார் சொல்லப்போவது இப்போதே காதில் விழுந்தது, கூடப்பிறக்காதவள்தானே, அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே. கணவர் தண்ணீர் சொம்பை மட்டும் நகர்த்திவைப்பார், அது இன்னும் மோசம். முந்தானை உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இந்தக் கணத்தில் எதையும் குறைசொல்ல முடியாது. அதுதான் அவளைச் சில்லிட வைத்தது. காற்று சரியாக இருக்கிறது, ஏனென்றால் அவள் இங்கே நிற்கிறாள். நாளைக்கும் சரியாக இருக்கும். அவள் பார்க்கும்போதெல்லாம் சரியாகவே இருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமுவது இதனாலா, இல்லையா, அது யாருக்கும் தெரியப்போவதில்லை, அவளுக்கும்தான். இப்போது வேண்டாம் என்று சொல்லவருகிறதே நாக்கு, இது அந்தப் பெண்ணுக்காகவா, அல்லது தன் கண்ணைத் தானே நம்பமுடியாமல் போய்விட்ட பயத்துக்காகவா… எதற்காக இருந்தால் என்ன?

அவன் வெளியே வந்து பலகையை ஆணியிலிருந்து எடுத்து, பச்சை மேலே தெரியும்படி அவளிடம் நீட்டினான். படியில் டீக் குவளைகள் நின்றுவிட்டன. அவள் கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டாள். இடது பையில் மஞ்சள் நூல்கண்டு இருந்தது, அதை விரல்கள் பற்றிக்கொண்டன.

“எல்லாரும் டீயை மெதுவாக் குடிங்க” என்றாள், ஆட்களைப் பார்த்து. அவன் நீட்டிய பலகை அப்படியே நீண்டிருந்தது. அவள் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள், கைகளை வெளியே எடுக்கவில்லை.