நாயுடுவின் மொட்டை

மாவட்டத் தலைவர் பதவி நாயுடுவுக்கா ரெட்டிக்கா என்று சித்தூர் கட்சி ஆபீசில் ஒரு வாரமாக இதே பேச்சு. அன்று காலை நாயுடு மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கட்சித் தொண்டர் அசரியா பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தார்.

"திருப்பதியில வேண்டுதல தீத்துக்கினு வந்துக்கிறாரு. பதவி அவருக்குத்தான். இதுகூட தெரியாம என்னய்யா அரசியல் பண்றீங்க?"

நேற்றுவரை ரெட்டிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், முதல் ஆளாக ரோஜா மாலையோடு நாயுடு வீட்டுக்கு ஓடினார்.

கூடத்தில் நாயுடுவுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. நாயுடு எழுந்து வந்து அசரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருல, நாராயணவனத்துல, அம்மா போயிட்டாங்க. கட்சியில யாருக்கும் சொல்லல. நீ எப்படியோ கேள்விப்பட்டு மாலையோட வந்துட்ட."

அசரியா தலை நிமிராமல் மாலையைப் படத்துக்குப் போட்டார்.

"உன்ன ரெட்டி ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார் நாயுடு. "மனசுல வச்சிக்காத."